மெல்ல விடும் மூச்சு

பதற்றப்பட்டு நிற்கிற ஒருவரைக் கண்டால் எங்கள் ஊரில் உடனே சொல்வது, "நல்லா மூச்சை இழுத்து விடுங்கோ" என்பதுதான். பரீட்சை மண்டப வாசலில் நிற்கும் பிள்ளைக்கும் இதையே சொல்கிறோம். செத்தவீட்டில் மயங்கிச் சரியும் தாய்க்கும் இதையே சொல்கிறோம். இந்தப் புத்திமதியில் பாதி சரியானது. "நல்லா இழு" என்கிற மற்றப் பாதி பலருக்கு உதவுவதில்லை, சிலருக்குத் தொந்தரவையும் கூட்டுகிறது. மூச்சுப் பயிற்சியால் அன்றாடம் கிடைக்கும் நன்மைகள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. மூச்சின் வேகத்தைக் குறைப்பது ஒன்று. உள்ளே எடுக்கும் நேரத்தைவிடக் கூடிய நேரம் எடுத்து வெளியே விடுவது மற்றது. நெஞ்சு வெடிக்கக் காற்றை நிரப்புவதால் அந்த நன்மைகள் வருவதில்லை. இதை விளங்கிக்கொண்டவருக்குப் பயிற்சி மிக எளிது. விளங்காமல் செய்பவர் நான்கு நாளில் தலைச்சுற்று என்று விட்டுவிடுவார்.

முதலில் ஒட்சிசன் பற்றிய கதையைத் தீர்த்துக்கொள்வோம். ஆழமாக மூச்செடுத்தால் இரத்தத்தில் ஒட்சிசன் கூடும், அதனால் மூளை தெளியும் என்று பல யோகா வகுப்புகளில் சொல்கிறார்கள். கொரோனாக் காலத்தில் விரலில் கவ்வும் அந்தச் சின்னக் கருவியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நோயில்லாத ஒருவர் சும்மா இருக்கும்போதே அது 95க்கு மேல், பெரும்பாலும் 97, 98 என்று காட்டும். அதற்கு மேல் கூட்ட அங்கே இடமில்லை. மேலோட்டமான மூச்சு வீணாக்கும் உழைப்பைக் குறைப்பதுதான் ஆழமான மூச்சு தரும் இலாபம். அமைதியாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவர் ஒரு தடவையில் ஏறக்குறைய 500 மில்லிலீற்றர் காற்றை எடுக்கிறார். அதில் 150 மில்லிலீற்றர் வரை மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றிலேயே நின்றுவிடும், இரத்தத்தைச் சேராது. தோட்டத்துக்கு நீர் விடும்போது நீண்ட குழாயில் முதலில் வருவது குழாய்க்குள் ஏற்கெனவே நின்ற நீர்தான் அல்லவா, அதைப் போன்ற கணக்கு இது. நிமிடத்துக்கு 30 தடவை, தடவைக்கு 250 மில்லிலீற்றராக மேலோட்டமாக மூச்சு வாங்குபவருக்கு நுரையீரலின் உள்ளறைகளில் சேர்வது 3,000 மில்லிலீற்றர் மட்டுமே. 15 தடவை, 500ஆக எடுப்பவருக்கு 5,250 சேர்கிறது. இருவரும் வெளியிலிருந்து இழுத்த காற்றின் அளவு ஒன்றுதான், 7,500. நிமிடத்துக்கு ஆறே தடவை, தடவைக்கு ஒரு லீற்றராக எடுத்தால் 5,100 சேரும். அதாவது, ஆறு மூச்சிலேயே உடலுக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது. மேலும் மேலும் இழுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

தேவைக்கு மேல் இழுத்தால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வேகமாகவும் ஆழமாகவும் தொடர்ந்து மூச்சு விட்டால் இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை இலேசாகும், உதட்டோரமும் விரல் நுனியும் விறைக்கும், நெஞ்சு அடைத்ததுபோல் இருக்கும். அந்த அடைப்பைப் போக்க அவர் இன்னும் பலமாக இழுப்பார், வருத்தம் இன்னும் கூடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரால் அடிபட்ட எங்கள் மக்களிடம் உளத்துயரம் உடல் முறைப்பாடாகவே வெளிவருகிறது என்று தொடர்ந்து எழுதிவந்தவர். அவர் கவனப்படுத்திய அறிகுறிகளில் பெருமூச்சும் ஒன்று. பக்கத்து வீட்டு ஆச்சி வாய்விட்டுப் பெருமூச்செறிவதை நாம் ஒரு பழக்கமென்று கடந்துபோகிறோம். துயரத்தில் இருக்கும் உடம்பு தானாக எடுப்பதும் ஆழ்ந்த மூச்சுத்தான். ஆகவே, ஆழம் மட்டும் போதுமென்றால் அந்த ஆச்சிக்கு எப்போதோ ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும். அவருடைய மூச்சில் இல்லாதது ஒழுங்கும் நிதானமும்.

ஒழுங்கு ஏன் வேலை செய்கிறது என்பதற்கு உடம்புக்குள்ளேயே விளக்கம் இருக்கிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூச்செடுத்துப் பாருங்கள். காற்று உள்ளே வரும்போது நாடி சற்று விரையும், வெளியே போகும்போது தளரும். முதுமையில் இந்த வேறுபாடு மங்கிவிடும், இளையவர்களிடம் தெளிவாகவே தெரியும். இதயத்தைத் தளர்த்தும் வேகஸ் நரம்பின் பிடி வெளிமூச்சின்போது இறுகுவதே இதற்குக் காரணம். இதயத் துடிப்பை நேராகக் கட்டளையிட்டுக் குறைக்க யாராலும் இயலாது. வெளிமூச்சை நீட்டுவதன் மூலம், அந்தத் துடிப்பு தளரும் நேரத்தை நீட்ட எவராலும் முடியும். எங்கள் முன்னோர் இந்த உறவை அவதானித்திருக்கிறார்கள். திருமூலரின் திருமந்திரத்தில் மூச்சை உள்ளெடுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, வெளிவிட 32 என்று அளவு சொல்லப்படுகிறது. நடுவிலுள்ள 64 குருவின் துணையோடு பழகுபவர்களுக்கு உரியது, நூலை மட்டும் வைத்துக்கொண்டு அதை முயல வேண்டாம். மற்ற இரண்டையும் பாருங்கள்: வெளிமூச்சு உள்மூச்சைப் போல் இரண்டு மடங்கு. அன்றாடத் தேவைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விகிதம்தான்.

2001ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு இங்கே மிகவும் பொருந்தும். லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் நலமாயுள்ள 23 பேரை இலத்தீன் செபமாலை மன்றாட்டைச் சொல்லவும், 'ஓம் மணி பத்மே ஓம்' என்ற மந்திரத்தைச் சொல்லவும் வைத்து அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறுக்கு இறங்கியது. இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் உடலின் சொந்த ஏற்பாடு அந்த வேகத்தில் கூடிய உணர்வோடு இயங்கியது. செபமாலை சொல்லும் வீடுகளும் தேவாரம் பாடும் வீடுகளும் அடுத்தடுத்து இருக்கிற எங்கள் தென்மராட்சிக்கு இது நல்ல செய்தி. ஒரு வரியை இழுத்துப் பாடி முடித்து, சட்டென்று மூச்செடுத்து, அடுத்த வரியைத் தொடங்குவது நீண்ட வெளிமூச்சுப் பயிற்சியேதான். நாகஸ்வரம் வாசிப்பவருக்கு அது தொழிலாகவே அமைகிறது. சாவகச்சேரி பஞ்சாபிகேசன் போன்ற வித்துவான்களைத் தந்த ஊரில், மூச்சை அளந்து விடும் கலையை வெளியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. பக்தி இல்லாதவர் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளலாம். உடம்புக்கு எண்ணும் ஒன்றுதான், நாமமும் ஒன்றுதான் என்பதே அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

இனிச் செய்முறை. விறாந்தையில் உள்ள ஒரு பிளாஸ்டிக் கதிரை போதும். முதுகு கதிரையில் படட்டும், இரண்டு பாதமும் தரையில் பதியட்டும், இடுப்பில் இறுகிய சாரமோ சேலைக்கட்டோ இருந்தால் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். ஒரு கையைத் தொப்புளுக்கு மேல் வையுங்கள், மற்றதை நெஞ்சில் வையுங்கள். வாயை மூடி மூக்கால் மூச்செடுங்கள். மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, கண்டி வீதியின் தூசியையும் ஓரளவு வடிகட்டித் தருகிறது. முதலில் செய்ய வேண்டியது எடுப்பதல்ல, விடுவது: உள்ளே இருப்பதை அவசரமில்லாமல் விட்டு முடியுங்கள். அதன்பின் மூச்சு தானாக உள்ளே வரும். வரும்போது கீழ்க்கை மெல்ல உயர வேண்டும், மேற்கை பெரிதாக அசையக் கூடாது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு கீழிறங்குவதால் வயிறு முன்னே தள்ளப்படுகிறது, அதைத்தான் கை உணர்கிறது. தோள் மேலெழுந்தால் அளவுக்கு மேல் இழுக்கிறீர்கள் என்று பொருள், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று எண்ணும் வரை எடுத்து, ஐந்து எண்ணும் வரை விடுங்கள். ஒரு கிழமை போனபின் நான்குக்கு ஆறு என்று கூட்டலாம். எண்ணிக்கை சுவர்க் கடிகாரத்தின் செக்கன் முள்ளோடு போனால் அது நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் போதும். கொட்டாவி வரும், வயிறு சத்தமிடும், இரண்டும் நல்ல அறிகுறிகள். தலை சுற்றினால் நிறுத்தி, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருங்கள். அடுத்த தடவை காற்றின் அளவைக் குறைத்து, வேகத்தை மட்டும் மெதுவாக வையுங்கள்.

எப்போது செய்வது என்பதுதான் பலர் தவறவிடும் இடம். பதற்றம் வந்தபின் கற்றுக்கொள்ள நினைப்பது, வெள்ளம் வந்தபின் நீச்சல் பழகுகிற கதையாகிவிடும். மனம் சும்மா இருக்கும் வேளையில் தினமும் பழகியவருக்கே அவசர வேளையில் அது கைகொடுக்கும். ஆகவே, ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தோடு இதைச் சேர்த்துவிடுங்கள். காலைத் தேத்தண்ணீருக்கு முன், சாமி விளக்கேற்றியபின், பஸ்ஸில் சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் போகையில் நாவற்குழிப் பாலம் வரை, எதுவானாலும் சரி. ஆதார வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு இது நேரடியாக உதவும். பிறஷர் பார்க்குமுன் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, பேசாமல், கால்மேல் கால் போடாமல் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் விதி. மீசாலையிலிருந்து சைக்கிளில் விரைந்து வந்து, இலக்கம் தவறிவிடுமோ என்ற பரபரப்போடு கையை நீட்டினால் கருவி உங்கள் அவசரத்தையும் சேர்த்தே காட்டும். வரிசையில் இருக்கும் நேரத்தை இந்தப் பயிற்சிக்குக் கொடுங்கள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வினாத்தாளைத் திருப்புமுன் ஐந்து மூச்சு விடலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது. இரவில் விழித்துக் கிடப்பவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு வெளிமூச்சை மட்டும் நீட்டட்டும், ஏனென்றால் எண்ணுவதே சிலரின் தூக்கத்தைக் கலைக்கும். சந்தையில் விலை பேசித் தொண்டை காய்ந்து, கோபம் தலைக்கேறும் வியாபாரிக்கும், வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளுக்கு முன் நிற்கும் ஆசிரியருக்கும், பதில் சொல்லுமுன் ஒரு நீண்ட வெளிமூச்சு போதுமான இடைவெளி தரும். அந்த இடைவெளியில் வாயில் வராமல் போகும் சொற்களால் எத்தனையோ வீடுகள் பிழைக்கும்.

இவ்வளவு நன்மை உண்டென்றால் ஆதாரம் எவ்வளவு பலமானது என்று கேட்பது நியாயம். 2023இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மூச்சுப் பயிற்சி பற்றிய 12 சோதனைகளை, மொத்தம் 785 பேரின் முடிவுகளை ஒன்றாக்கிப் பார்த்தது. மன அழுத்தம் குறைந்தது உண்மை. குறைந்த அளவு சிறிதுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரன்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மற்றோர் ஆய்வில், நாளுக்கு ஐந்து நிமிடம் என ஒரு மாதம் நீண்ட வெளிமூச்சைப் பழகியவர்களின் மனநிலை, அதே நேரம் தியானத்தில் இருந்தவர்களுடையதைவிடக் கூடுதலாக மேம்பட்டிருந்தது. ஆனால் எதிர்ப்பக்கச் சான்றையும் மறைக்கக் கூடாது. 2023இலேயே 400 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. ஒரு சாரார் நிமிடத்துக்கு ஐந்தரை மூச்சு, மற்றச் சாரார் 12 மூச்சு, நாளுக்குப் பத்து நிமிடம், நான்கு கிழமை. இரு சாராரும் மேம்பட்டார்கள், இருவருக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. அப்படியானால் 'மெதுவாக' என்று நான் அழுத்துவது பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 12 மூச்சு என்பதும் பலருடைய வழமையான வேகத்தைவிடக் குறைவு, அதையும் அவர்கள் ஒழுங்காக, கவனத்தோடு, தினமும் ஒரே நேரம் ஒதுக்கிச் செய்தார்கள். நெடுநாள் மனநலத்துக்கு அந்த ஒழுங்கே பெரும்பகுதியைத் தருகிறது என்று அந்தச் சோதனையைப் படிக்கலாம். நாடி தளர்வதும் இரத்த அழுத்த ஏற்பாடு உணர்வு பெறுவதும் அந்தந்த வேளையில் அளந்து கண்டவை, அவை அப்படியே நிற்கின்றன. இதிலிருந்து நடைமுறைக்கு வருவது: ஆறு என்ற எண்ணைத் தெய்வமாக்க வேண்டாம். எட்டோ ஒன்பதோதான் இயல்பாக வருகிறதென்றால் அதிலேயே இருங்கள், தினமும் இருங்கள். இரத்த அழுத்தத்திலும் எதிர்பார்ப்பு அடக்கமாக இருக்கட்டும். அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் கருவியின் துணையோடு செய்யும் மெதுமூச்சை மருந்துக்குத் துணையாகப் பயன்படுத்தலாம் என்று ஏற்றது, ஆனாலும் ஆய்வுகளில் குறைவது சில புள்ளிகளே. அதை நம்பிக் குளிசையை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது, அதைச் சொல்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. 1987 ஒக்ரோபர் 27இல் சாவகச்சேரிச் சந்தையில் ஹெலிகொப்டர் தாக்குதலைக் கண்ட ஊர் இது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்து நாவற்குழி தாண்டி வந்து ஒதுங்கியதும் இங்கேதான். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் இந்த ஊரே சிதைந்து, மக்கள் முழுவதுமாக இடம்பெயர்ந்தார்கள். இப்படிப்பட்ட மக்களிடம் மூச்சை எண்ணச் சொல்வது, காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாயிடம் அமைதியாய் இரு என்று சொல்வதற்குச் சமம் இல்லையா? மூச்சுப் பயிற்சியை நீதிக்குப் பதிலாக யாராவது நீட்டினால் அது சமம்தான், அதை ஏற்கக் கூடாது. ஆனால் தூக்கமில்லாத, நெஞ்சு படபடக்கும் உடம்போடு அந்தத் தாய் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கிறது. அந்த உடம்புக்கு நாளுக்கு ஐந்து நிமிட ஓய்வு தருவது அவளுடைய கேள்வியைப் பறிப்பதாகாது, அந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேட்க அவளுக்குப் பலம் வேண்டும். சோமசுந்தரத்தின் 'மனவடு' என்ற கைந்நூல் 1993இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே வந்தது. சாந்தி ஆசனம், மூச்சைக் கவனித்தல், மந்திரமோ செபமோ திரும்பச் சொல்லுதல் போன்ற உள்ளூர் முறைகளைச் சமூக மட்டத்தில் கற்பிக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தியது, மருத்துவர் மிகச் சிலரே இருந்த காலத்தில். சுனாமிக்குப் பின் வடகிழக்கில், போரையும் கடலையும் கண்ட 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் உண்டு. ஒரு பகுதியினர் ஆறு அமர்வுகளில் தங்கள் கதையை முழுமையாகச் சொன்னார்கள், மற்றவர்கள் ஆறு அமர்வுகளில் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தின் பின் முதற்பகுதியில் 81 வீதமும் இரண்டாம் பகுதியில் 71 வீதமும் மீண்டிருந்தார்கள். சிகிச்சையே பெறாத மூன்றாம் குழு அதில் இல்லை, ஆகவே காலம் ஆற்றியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. என்றாலும், தளர்வுப் பயிற்சி வெறும் வாய்ச்சமாதானம் என்று ஒதுக்க அந்த எண்கள் இடம் தரவில்லை.

கடைசியாக, யாருக்கு எச்சரிக்கை வேண்டும் என்பது. கண்ணை மூடி மூச்சைக் கவனித்தவுடன் சிலருக்குப் பழைய காட்சிகள் எழும், பதற்றம் கூடும். பங்கருக்குள் மூச்சடக்கிக் கிடந்தவர்களிடம் இது நடந்தால் வியப்பில்லை. அவர்களை வற்புறுத்தக் கூடாது. கண்ணைத் திறந்தபடி முற்றத்தில் நடக்கட்டும், இரண்டு அடிக்கு உள்ளே, மூன்று அடிக்கு வெளியே என்று காலோடு மூச்சைச் சேர்க்கட்டும், அல்லது உதட்டை மூடி மெல்ல முனகட்டும். முனகும்போது வெளிமூச்சு தானாகவே நீளும். அதுவும் ஒத்துவராவிட்டால் மூச்சை விட்டுவிட்டு உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். முட்டு வருத்தக்காரர் தங்கள் பம்பை இதற்காகக் கைவிடக் கூடாது. நெடுங்காலம் விறகடுப்புப் புகையிலோ சுருட்டுப் புகையிலோ நுரையீரல் கெட்டவர்கள், விளக்கை அணைக்காமல் சுடரை அசைக்க மட்டும் ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து விட்டால் இளைப்பு ஓரளவு தணியும், வைத்தியசாலைகளில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மூச்சை நிறுத்திவைக்கும் எந்தப் பயிற்சியிலும் இறங்க வேண்டாம். நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் வலி எழுந்து கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், உதடு நீலம் பூத்தால், ஒரு வசனம் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், கதிரையில் இருத்தி எண்ணச் சொல்லி நேரத்தைப் போக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.